ராயபுரம் அங்கீகரித்த நாடுகள்

வங்காளதேசத்தை முதலில் அங்கீகரித்தது இந்தியாவா பூடானா என்று இன்றுவரை ஒரு வழக்கு ஓடுகிறது. இரண்டுக்கும் தேதி 1971 டிசம்பர் 6. எது காலை, எது மதியம், யாருடைய தந்தி முந்தியது என்பதுதான் தகராறு. என்னைக் கேட்டால் இரண்டு பேருமே தாமதம். கல்மண்டபத்தில் நாங்கள் உட்கார்ந்த நாயர் கடை அந்த வருடம் ஏப்ரலிலேயே அங்கீகாரம் கொடுத்துவிட்டது. தந்தி அடிக்கத்தான் எவனிடமும் காசில்லை.

வெளியுறவுத் துறை டெல்லியில் மட்டும் இருந்த காலம் அல்ல அது. ஹார்பரில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் பகல் ஷிப்டுக்குப் போகிறவர்களும் அந்தக் கடையில்தான் எதிரும் புதிருமாகச் சந்திப்பார்கள். பெஞ்சுகளில் தந்தி, முரசொலி, ஜனசக்தி மூன்றும் தாள் தாளாகப் பிரிந்து கிடக்கும். மூன்று சங்கம், மூன்று வெளியுறவுக் கொள்கை. மார்ச் 26-ல் கிழக்கு வங்காளம் தன்னைத் தனி நாடு என்று அறிவித்தபோது முரசொலி பெஞ்ச் உடனே கை தூக்கியது. ஜனசக்தி பெஞ்ச் மட்டும் ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. மாஸ்கோ என்ன சொல்லும் என்று தெரிய வேண்டாமா? ஏப்ரல் 2-ந் தேதி சோவியத் அதிபர் பத்கோர்னி, ரத்தம் சிந்துவதை நிறுத்துங்கள் என்று யாஹ்யா கானுக்குக் கடிதம் எழுதினார். அது பேப்பரில் வந்த அன்று ஜனசக்தி பெஞ்சும் எழுந்தது. பீகிங் பக்கம் சாய்ந்த தோழர் ஒருவரும் இருந்தார். சீனா பாகிஸ்தானின் தோளில் கை போட்டிருந்ததால் அவர் பாடு திண்டாட்டம். டிசம்பர் முடிகிறவரை கடைக்கு வெளியே நின்றே டீ குடித்தார்.

அந்தப் போரில் எங்கள் துறைமுகத்துக்கு ஒரு வேஷம் கொடுத்திருந்தார்கள். வேஷம் போட்டவர்களுக்கே அது தெரியாது. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடிக்கொண்டு பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி வங்காள விரிகுடாவுக்குள் வந்திருந்தது. விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒதுங்கிவிட்டது. அது சென்னைக்கு வரப்போகிறது என்று நம்பவைக்க, கிழக்குக் கடற்படைத் தளபதி கிருஷ்ணன் எங்கள் துறைமுகத்தில் கப்பல் கட்ட இடம் தயாராக வைக்கச் சொன்னார். விசாகப்பட்டினத்தில் காண்டிராக்டர்களுக்குக் கறியும் காய்கறியுமாக ஆர்டர் போனது. காண்டிராக்டர் காதில் விழுந்தது ஊர் வாயில் விழும், ஊர் வாயில் விழுந்தது ஒற்றன் காதில் விழும் என்பது கணக்கு. இதையெல்லாம் பின்னாளில் அவரே எழுதினார். படித்தபோது எனக்கு ஒரு பெருமை. வதந்தி பரப்புவதற்காக அரசாங்கம் எங்களை நம்பியிருந்த காலமும் ஒன்று உண்டு. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது.

6-ந் தேதி நாடாளுமன்றத்தில் இந்திரா காந்தி அறிவித்தார். பாகிஸ்தான் அன்றே இந்தியாவோடு உறவை முறித்துக்கொண்டது. நாயர் ஒரு காரியம் செய்தார். கடன் கணக்கைக் கரியால் எழுதும் சுவரில் இன்னொரு பத்தி திறந்து நாடுகளின் பெயரை எழுதினார். அங்கீகாரம் கொடுத்த நாட்டுக்கு ஒரு கோடு. கொடுக்காத நாடு பாக்கி. அதே சுவரில் பக்கத்துப் பத்தியில் என் நைனாவும் பாக்கி.

1972 ஜனவரியில் கிழக்கு ஜெர்மனி, போலந்து, பர்மா, மாதக் கடைசியில் சோவியத் யூனியன் என்று கோடுகள் விழுந்தன. பிப்ரவரி 4-ல் பிரிட்டன். ஏப்ரல் 4-ல் அமெரிக்கா. போன டிசம்பரில் எண்டர்பிரைஸ் கப்பலை எங்கள் கடலுக்குள் அனுப்பி, கோட்டையிலிருந்து எண்ணூர்வரை ஜனங்களைத் தூங்கவிடாமல் செய்த அதே நிக்ஸன் அரசாங்கம்தான், நாலே மாதத்தில். இலங்கைக்கு மார்ச்சிலேயே கோடு விழுந்தது. இலங்கைக் கதை இன்னும் ருசி. 1971-ல் இந்தியாவின் மேல் பறக்க முடியாத பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டுதான் டாக்கா போயின. அதே கொழும்பு வானொலியில்தான் நாங்கள் சாயங்காலம் பாட்டுக் கேட்டோம். கண்டித்துப் பாட்டை நிறுத்தலாமா என்று பெஞ்சில் ஒரு தீர்மானம் வந்தது. தோற்றது.

சைனாதான் பெரிய பாக்கிதாரர். 1972 ஆகஸ்ட் 25-ல் வங்காளதேசத்தை ஐ.நா.வில் சேர்க்கவிடாமல் வீட்டோ போட்டது. மக்கள் சீனம் அந்தச் சபையில் போட்ட முதல் வீட்டோவே அதுதான். 1974 பிப்ரவரியில், லாகூரில் இஸ்லாமிய மாநாடு கூடியபோது, பாகிஸ்தானே அங்கீகாரம் கொடுத்தது. சண்டை போட்டவனே ஒத்துக்கொண்ட பிறகும் ஓரகத்திக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்டு இரண்டு வாரம் கழித்து, 1975 ஆகஸ்ட் 31-ல்தான் சீனா மனசு வைத்தது. அதற்குக் கோடு அடிப்பதற்குள் நாயர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். நைனாவின் பாக்கியும் அதோடு போயிற்று. அந்த வருடம் ராயபுரத்துக்குக் கிடைத்த ஒரே ராஜதந்திர லாபம்.

அந்தச் சமயம் நான் ஒரு ஸ்டீவடோர் கம்பெனியில் டாலி கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். ஸ்லிங்குக்கு எத்தனை மூட்டை என்று எண்ணி எழுதும் வேலை. வங்காளதேசக் கப்பல் ஒன்று வந்தது. அந்த நாட்டு அரசாங்கக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் ‘பாங்ளார்’ என்றுதான் பெயர் தொடங்கும். எங்கள் கேங்கில் இரண்டு பேர் நேராக மாலுமிகளின் மேஸ்திரியான போசனிடம் போய், கைஜாடையும் ஹார்பர் இந்தியுமாக, “நாங்கதாம்பா உங்களை மொதல்ல ஒத்துக்கினவங்கோ” என்று விளக்கினார்கள். அவர் இதை மாமூல் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு இரண்டு பாக்கெட் சிகரெட் கொடுத்தார். அங்கீகாரத்துக்குப் பிரதிபலன் உண்டு என்று எனக்கு முதலில் தெரிந்தது அன்றைக்குத்தான். தென் பசிபிக் தீவுகள் இதைக் கற்றுக்கொள்ள இன்னும் முப்பது வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

நைனாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. 1949 செப்டம்பர் 17-ல் பவளக்காரத் தெருவில் தி.மு.க. பிறந்தது. மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டுகிற மழையில், முதல் கூட்டம். திராவிட நாடு கேட்ட கட்சி. அன்றைக்கு அங்கே நனைந்ததாகச் சொல்லிக்கொண்ட ராயபுரத்துக்காரர்கள் எல்லோரும் உண்மையாகவே வந்திருந்தால் பூங்கா காசிமேட்டுக் கடலுக்குள் இறங்கியிருக்கும். நைனா போனது மட்டும் நிஜம். ஜுரத்தோடு வந்த பிள்ளைக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்த பாட்டி சாட்சி.

திராவிட நாட்டுக்கு உலகம் காட்டிய எதிர்வினையை யாரும் தனிப் புத்தகமாகப் போடவில்லை. போட்டால் ஒல்லியாகத்தான் இருக்கும். 1942-ல் பிரிட்டனிலிருந்து கிரிப்ஸ் வந்தபோது பெரியார் உட்பட நீதிக்கட்சிக்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். முதலில் உங்கள் பக்கம் ஆதரவு இருப்பதைக் காட்டுங்கள் என்கிற தோரணையில் அவர் அனுப்பிவைத்தார். பெரியார் ஜின்னாவைக் கேட்டுப் பார்த்தார். 1941-ல் சென்னையில் முஸ்லிம் லீக் மாநாடு நடந்தபோது அனுதாபமாகப் பேசியவர்தான். 1944-ல், தன்னால் முஸ்லிம்களுக்காக மட்டுமே பேச முடியும் என்று பதில் எழுதிவிட்டார். பிரிவினை கேட்கிறவன் இன்னொரு பிரிவினைக்குக் கை கொடுப்பான் என்று நம்பியவர்களுக்கு உலகம் சொல்லும் பதில் எப்போதும் அதே அளவுதான் இருக்கும். அரைப் பக்கம், மரியாதையான நடை.

எங்கள் வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். அம்மா வீட்டில் தெலுங்கு. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இது அதிசயமில்லை. தெருவுக்கு இரண்டு வீடாவது அப்படித்தான். நைனாவின் திராவிட நாட்டில் ஆந்திரமும் அடக்கம். மாமாவோ அப்போது ‘மெட்ராஸ் மனதே’ என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். மெட்ராஸ் எங்களுடையது என்று. “பாவா, உங்க நாட்ல எங்களைச் சேர்க்கறதுக்கு முன்னாடி எங்க ஊரை எங்களுக்குக் குடுங்க” என்பார். 1953-ல் ஆந்திர மாநிலம் மெட்ராஸ் இல்லாமல் பிறந்தது. மாமாவுக்கு ஊர் போயிற்று, நைனாவுக்கு நாடு போயிற்று. இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து இருபது வருடம் சீட்டு ஆடினார்கள்.

1962 மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா தன் முதல் பேச்சில் சுயநிர்ணய உரிமை கேட்டார். அக்டோபரில் சீனப் படையெடுப்பு. அடுத்த வருடம் 16-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் தேர்தலில் நிற்க முடியாது. வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்று அண்ணா கோரிக்கையை விட்டார். எங்கள் வீட்டுக்கு ஓடு ஏது, ஓலைதான். நைனா அதையும் ஒத்துக்கொண்டார். நாலு வருடத்தில் கட்சி கோட்டைக்குப் போனது. கிடைக்காத நாட்டைவிடக் கிடைத்த மாநிலம் பரவாயில்லை என்று வடசென்னை தெளிவாகவே இருந்தது.

ஒன்றே ஒன்று நைனாவை உறுத்தியது. வங்காளதேசத்தை ஐ.நா. சேர்த்துக்கொண்ட நாள் 1974 செப்டம்பர் 17. கட்சி தொடங்கி, நாள் பிசகாமல், 25 வருடம். “நம்ம தேதியில எவனோ போய் குந்திக்கினான் பார்” என்றார். தற்செயல்தான். ஆனால் இந்த மாதிரித் தற்செயல் காங்கிரஸ்காரர்களுக்கு மட்டும் ஏன் நடப்பதில்லை என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இலங்கையின் 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு ஈழத்தை அங்கீகரிக்க எங்கள் கடைக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்கூடத் தேவைப்படவில்லை. நாயர் ஊருக்குப் போய்விட்டார். கல்லாவில் அவர் மகன். பெஞ்சுகள் அதேதான். கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் அகதி முகாம்கள் வந்தன. அந்தப் பக்கத்து ஆட்கள் பெயிண்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் இந்தப் பக்கம் வருவார்கள். அவர்களிடம் நாங்கள் ஈழத்தைப் பற்றி நிறையப் பேசினோம். அவர்கள் எங்களிடம் கூலி பாக்கியைப் பற்றிப் பேசினார்கள்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிற இடம் ஒன்று உண்டு. 1990 மார்ச் 1-ல் திருகோணமலையில் ஈழம் அறிவிக்கப்பட்டது. ஆமாம், அறிவிக்கப்பட்டது. வடகிழக்கு மாகாண முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் 19 அம்சக் கோரிக்கையை வைத்து, ஈழ ஜனநாயகக் குடியரசு என்று பிரகடனமே செய்தார். ஏழு வருடமாகத் தொண்டை கிழியக் கேட்டோமே, அந்த நாடு. எங்கள் கடை அங்கீகரித்ததா? மூச்! அவர் இந்தியாவின் ஆள், இந்திய அமைதிப்படை போன மறுநாள் அங்கே நிற்கமாட்டார், அவர் அறிவித்தால் அது செல்லாது என்று மூன்று பெஞ்சும் முதல்முறையாக ஒரே குரலில் சொன்னது. புலிகள் அங்கீகரிக்கவில்லை, கொழும்பு அங்கீகரிக்கவில்லை, அவரை அங்கே உட்காரவைத்த டெல்லியும் அங்கீகரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவர் இந்தியா வந்து சேர்ந்தார். பிரேமதாசா மாகாண சபையைக் கலைத்தார். உலக வரலாற்றில் கேட்டவர்களே வேண்டாம் என்ற பிரகடனம் வேறு ஏதாவது உண்டா, தெரிந்தவர்கள் சொல்லலாம்.

அதே மார்ச் 24-ல் அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜவான்களைப் பறிகொடுத்துவிட்டு வந்த படை. முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கமாட்டேன் என்றார். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் அன்றைக்கு அந்தப் படைச் சாமான்களை இறக்கி ஓவர்டைம் வாங்கினார்கள். இரண்டிலும் இருந்தவர்களும் உண்டு.

2008-க்கு வருகிறேன். அதற்குள் கடை போய், அந்த இடத்தில் பிரியாணிக் கடை வந்துவிட்டது. பேப்பர் படிக்கிறவர்கள் குறைந்து டி.வி. பார்க்கிறவர்கள் பெருத்துவிட்டார்கள். பிப்ரவரி 17-ல் கொசோவோ, செர்பியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் மறுநாளே அங்கீகரித்தன. யார் மறுத்தார்கள் என்று பார்த்தால் எதற்காக என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. ஸ்பெயினுக்குக் கத்தலான், பாஸ்க் தலைவலி. சைப்ரஸுக்கு வடக்குப் பாதி கையில் இல்லை. ருமேனியாவுக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் ஹங்கேரியர் பயம். எங்கோ பால்கனில் நடந்ததற்கு இலங்கை வெளியுறவு அமைச்சகம் உட்கார்ந்து கண்டன அறிக்கை எழுதியது. ஐ.நா. சாசன மீறல், கட்டுக்கடங்காத முன்னுதாரணம் என்றெல்லாம். வன்னியில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. கொழும்பு கவலைப்பட்டது பிரிஸ்டினாவுக்காக அல்ல என்பது காசிமேட்டில் வலை பின்னுகிறவருக்கும் தெரியும். இந்தியா, இதில் சட்டப் பிரச்சினைகள் இருக்கின்றன, நிலைமையை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றது. இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. வங்காளதேசத்துக்கு எட்டு மாதத்தில் முடிந்த ஆராய்ச்சி. காஷ்மீரும் நாகாலாந்தும் நடுவில் உட்கார்ந்துகொண்டால் ஆராய்ச்சி நீளத்தான் செய்யும்.

அந்த ஆகஸ்ட் 26-ல் ரஷ்யா, ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவையும் தெற்கு ஒசெட்டியாவையும் அங்கீகரித்தது. ஆறு மாதம் முன்பு கொசோவோ தப்பு என்று கொதித்த ரஷ்யா. உடனே அமெரிக்காவும் ஐரோப்பாவும், எல்லைகளை இப்படி மாற்றலாமா என்று கொதித்தன. ஆறு மாதம் முன்பு கொசோவோ சரி என்றவர்கள். இரண்டு தரப்பும் பேச்சாளரை மட்டும் மாற்றிக்கொண்டு, அதே பேச்சைப் பேசின. ராயபுரத்தில் இரண்டு கழகங்கள் மாறி மாறி மின்வெட்டைப் பற்றிப் பேசிக் கேட்டுப் பழகிய எங்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

புதிது என்னவென்றால் ரஷ்யாவின் பின்னால் வந்த வரிசை. நிகராகுவா, வெனிசுவேலா. இவை அமெரிக்காவுக்கு வயிறெரிய வேண்டும் என்றே செய்யக்கூடியவை. 2009 டிசம்பரில் நவ்ரு. பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர், சுமார் 12,000 ஜனம். எங்கள் வார்டு கவுன்சிலர் அதைவிட அதிகம் பேருக்குத் தண்ணீர் லாரி அனுப்புகிறார். அங்கீகாரத்தை ஒட்டி ரஷ்யாவிடம் 5 கோடி டாலர் கேட்டதாக ரஷ்யப் பத்திரிகையே எழுதியது. 2011-ல் வனுவாட்டு. அதில் ஒரு கூத்து. அங்கீகரித்துவிட்டோம் என்றார் வெளியுறவு அமைச்சர். இல்லவே இல்லை என்றார் ஐ.நா.வில் இருந்த அவர்களுடைய தூதர். பிறகு டுவாலு அங்கீகரித்தது, 2014-ல் திரும்ப வாங்கிக்கொண்டது. 2018-ல் சிரியா. எனக்கு போசன் கொடுத்த சிகரெட் பாக்கெட்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் ரேட்டைக் குறைத்துக் கேட்டுவிட்டோம்.

2009 ஜனவரி கடைசி நாள், ஈழத்துக்காகத் தீக்குளித்த முத்துக்குமாரின் இறுதி ஊர்வலம் மூலக்கொத்தளம் வந்து சேர்ந்தது. அந்த ராத்திரியை இந்த மாதிரிக் கட்டுரைக்குள் எழுதக் கூடாது. எழுதவில்லை.

மே மாதம் வன்னியில் எல்லாம் முடிந்தது. 27-ந் தேதி ஜெனிவாவில் மனித உரிமை கவுன்சில் கூடி, இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை 29-க்கு 12 என்று நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஜூனில் ‘வணங்காமண்’ கப்பல் எங்கள் வாசலுக்கு வந்தது. ஐரோப்பாவில் தமிழர்கள் திரட்டிய 884 டன் நிவாரணப் பொருள். கப்பலின் உண்மைப் பெயர் கேப்டன் அலி. இலங்கைக் கடற்படை சோதனை போட்டுத் திருப்பி அனுப்பிவிட, சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அரிசி, மாவு, மருந்து. இதற்கு எந்த நாடும் யாரையும் அங்கீகரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் டெல்லி, கொழும்பு, செஞ்சிலுவைச் சங்கம் என்று கடிதம் நடந்து, ஜூலையில்தான் துறைமுகத்துக்குள் விட்டார்கள். இங்கே இறக்கி, வேறு கப்பலில் ஏற்றி, கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் துறைமுகக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற தகராறில் அது மாதக்கணக்கில் கிடந்தது. சரக்கு ஏறி இறங்குவதைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். இத்தனை ராஜதந்திரத்தோடு நகர்ந்த அரிசியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

2011 ஜூலை 9-ல் தென் சூடான் பிறந்தது. இந்தியா அன்றைக்கே அங்கீகரித்தது. குடியரசுத் துணைத்தலைவர் ஹமீத் அன்சாரியே ஜூபா போய் விழாவில் உட்கார்ந்தார். இங்கே பழைய பெஞ்ச்காரர்களுக்கு திடீரென்று நம்பிக்கை வந்துவிட்டது. வாக்கெடுப்பு நடத்தினார்கள், தொண்ணூற்றெட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது, நாடு கிடைத்தது, நமக்கும் அப்படியே என்று. இரண்டு விஷயத்தை அவர்கள் சௌகரியமாக மறந்தார்கள். அங்கே எண்ணெய்க் கிணற்றில் இந்திய அரசு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அதைவிட முக்கியம், கார்ட்டூம் அரசாங்கமே சரி என்று தலையாட்டியிருந்தது. ஓடிப்போன பெண்ணைப் பெற்றவன் ஏற்றுக்கொண்டால் ஊரே வந்து கை நனைத்துவிட்டுப் போகும். அவன் முகத்தைத் திருப்பினால் பங்காளிகூட எட்டிப் பார்க்கமாட்டான். 2013 மார்ச் 27-ல் ஜெயலலிதா சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்: தனி ஈழம் பற்றி ஈழத்தமிழர்களிடம் ஐ.நா. வாக்கெடுப்பு நடத்த வேண்டும். கோட்டை அங்கீகரித்தது. டெல்லி கேட்டுக்கொள்ளவில்லை. பிரிவினை கேட்டால் தேர்தலில் நிற்க முடியாது என்ற சட்டத்துக்குப் பயந்து சொந்த நாட்டை விட்ட அதே ஊர், பக்கத்து நாட்டுக்கு வாக்கெடுப்புக் கேட்டது சட்டப்படி சரிதான்.

2022 பிப்ரவரி 21-ல் ரஷ்யா உக்ரைனின் தோனெட்ஸ்கையும் லுகான்ஸ்கையும் அங்கீகரித்தது. 24-ல் படை உள்ளே போயிற்று. அங்கீகாரத்துக்கும் பீரங்கிக்கும் நடுவில் மூன்று நாள். சிரியாவும் வடகொரியாவும் பின்னால் போயின. இந்தியா கண்டிக்கவும் இல்லை, அங்கீகரிக்கவும் இல்லை. ஓட்டெடுப்பில் விலகி உட்கார்ந்தது. கச்சா எண்ணெயை மட்டும் தள்ளுபடியில் வாங்கியது. 1971-ல் என்றால் இதற்குக் கல்மண்டபத்தில் பெஞ்ச் உடைந்திருக்கும். இப்போது வாட்ஸப்பில் ஒருவர் செய்தியைப் போட்டார், இன்னொருவர் கும்பிடு போட்டார், மூன்றாமவர் குட் மார்னிங் போட்டார்.

உண்மையைச் சொன்னால், எங்கள் கரையில் அங்கீகாரம் என்பதற்கு எந்தக் காலத்திலும் பெரிய அர்த்தம் இருந்ததில்லை. கப்பலின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது டாலி கிளார்க்குக்கு முதல் பாடம். பனாமா என்று எழுதியிருக்கும், கப்பல் ஆயுசுக்கும் பனாமா போயிருக்காது. அந்தப் பனாமாவே 1903 நவம்பர் 3-ல் கொலம்பியாவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்ததுதான். அமெரிக்கா 6-ந் தேதியே அங்கீகரித்தது. 18-ந் தேதி கால்வாய் ஒப்பந்தத்தில் கையெழுத்து. வரிசையைக் கவனியுங்கள். லைபீரியா கொடி வரும். அதன் கப்பல் பதிவேட்டை நடத்துகிற ஆபீஸ் அமெரிக்காவில் விர்ஜீனியாவில் இருக்கிறது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியதே, அதில் ஒன்று மேன் தீவுக் கொடி. மேன் தீவு ஐ.நா.வில் நாடே இல்லை. நாடே இல்லாத கொடியைத் தாங்கிய கப்பலால் கொட்டிய எண்ணெயை எங்கள் மீனவப் பிள்ளைகளும் தன்னார்வலர்களும் பக்கெட்டில் வாரினார்கள்.

தைவானை எடுத்துக்கொள்ளுங்கள். 1949 டிசம்பர் கடைசியிலேயே இந்தியா மக்கள் சீனத்தை அங்கீகரித்துவிட்டது. டெல்லிக் கணக்கில் தைவான் நாடு இல்லை. பர்மா பஜாரில் எழுபதுகளிலிருந்தே தைவான் குடையும் தைவான் கடிகாரமும் உண்டு. அங்கே யாரும் தூதரகத்தைக் கேட்டு வாங்கவில்லை. இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கிற டிரெய்லர்களைப் பாருங்கள். பச்சை கன்டெய்னரில் ஆள் உயர எழுத்தில் எவர்கிரீன், தைவான் கம்பெனி. 2021-ல் சூயஸில் குறுக்கே மாட்டி உலக வியாபாரத்தை நிறுத்திய எவர் கிவனை நடத்தியதும் அவர்களே. சொந்தக்காரர் ஜப்பான், கொடி பனாமா, மாலுமிகள் 25 பேரும் இந்தியர். எந்த நாட்டின் கப்பல் என்று கேட்டால் ஐந்து வெளியுறவு அமைச்சகம் கூடினாலும் சொல்ல முடியாது. எகிப்து மட்டும் தெளிவாக இருந்தது. நஷ்ட ஈடு யார் கொடுப்பார்கள் என்று கேட்டது.

என் பேரன் இப்போது மெர்ச்சன்ட் நேவியில் டெக் கேடட். நைனாவின் கொள்ளுப்பேரன். போன தடவை வீட்டுக்கு வந்தபோது, எந்த நாட்டுக் கப்பல்டா என்று கேட்டேன்.

“ஏறும்போது பனாமா தாத்தா. நடுவுல ஓனர் கொடி மாத்திட்டாரு. இப்ப மார்ஷல் ஐலண்ட்ஸ்.”

“எப்படி மாத்துவாங்க?”

“சிங்கப்பூர் அவுட்டர்ல நிக்கும்போது மெயில் வந்துச்சு. பழைய கொடிய இறக்கி புதுசு ஏத்தினோம். பின்னாடி பனாமான்னு இருந்தத அழிச்சிட்டு மஜுரோன்னு எழுதணும். கயித்துல தொங்கி பெயிண்ட் அடிச்சது நாந்தான்.”

“யாரும் ஆட்சேபிக்கலையா?”

“சீஃப் ஆபீசர் கத்தினாரு.”

“எதுக்கு?”

“ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து விட்டுட்டேன்.”